ஏழுமலை குடியிருந்த நாலு வீடுகள்

“கடந்த காலத்தில் எப்போதேனும் தங்கள் உள்ளம் அளவிறந்த உவகையில் திளைத்ததுண்டா?”

புத்தகத்தைப் பார்த்துப் படித்தேன். எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஏழுமலை அரசு பஸ் கண்டக்டர். வயது முப்பத்தெட்டு. கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த மனைவி கஸ்தூரியின் முகத்தைப் பார்த்தார்.

“இன்னா மேடம் கேக்குறீங்க?”

அதே வாக்கியத்தை மறுபடியும் படித்தேன். ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது என்பது விதி.

“பஸ்ஸுல அதுக்கெல்லாம் எங்க மேடம் டைமு” என்றார்.

‘இல்லை’ என்பதற்கான ஒன்றாம் எண்ணைச் சுழித்தேன். ‘இல்லையெனில் பக்கம் பதினெட்டுக்குச் செல்க’ என்று அச்சடித்திருந்தது. சென்றேன்.

அந்த ஒரு சுழிப்பில் ஒரு மனிதரின் வேலையைக் காலி செய்ய இருந்தேன் என்று அப்போது எனக்குத் தெரியாது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று மட்டும் நினைத்தேன்.

பெருங்காய வாசனை

தொண்ணூறுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். சமூகப் பணியில் பட்டம் வாங்கிய கையோடு அடையாறில் ஒரு மனநல கிளினிக்கில் சேர்ந்திருந்தேன். கிளினிக் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வாடகைக்கு எடுத்த ஒரு மாடி வீடு. ஹாலில் நோயாளிகள் காத்திருப்பார்கள். படுக்கையறை டாக்டருக்கு. சமையலறை எனக்கு.

பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் என் மேஜை. மளிகைச் சாமான் வைக்கும் அலமாரியில் கேஸ் ஷீட்டுகள். கதவைத் திறந்தால் பெருங்காயம் மணக்கும். அந்த அறையில் உட்கார்ந்திருக்கும்போது பசிக்கிறது என்று நோயாளி சொன்னால், அதை நோயின் அறிகுறியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டேன்.

டாக்டர் சபேசன் பல வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வெளியே வந்தவர். வெளிநாட்டுக்கு ஒரு மாநாட்டுக்குப் போனவர், திரும்பும்போது அந்தக் கேள்விப் புத்தகத்தோடு வந்தார். ஒரே நோயாளியை இரண்டு டாக்டர்கள் பார்த்தால் இரண்டு வியாதி எழுதுகிறார்கள். அதைத் தவிர்க்க, எல்லோரையும் ஒரே கேள்வியை ஒரே வரிசையில் கேட்க வேண்டும். பதிலுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண். ஒன்று, இல்லை. இரண்டு, அரைகுறை. மூன்று, உண்டு. எண்கள் கடைசியில் வியாதியின் பெயரைச் சொல்லும்.

“நம்ம ஊர்ல என்ன வியாதிங்கிறது நோயாளியைப் பொறுத்து இல்லம்மா. அன்னைக்கு யார் ட்யூட்டியோ அவங்களைப் பொறுத்தது” என்பார். வாரத்துக்கு இரண்டு முறையாவது சொல்வார். புத்தகம் இல்லாமல் யாருக்கும் சர்ட்டிபிகேட் கிடையாது என்பது அவர் போட்ட சட்டம்.

தமிழாக்கம் செய்தவர் மயிலாப்பூரில் இருந்த ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர். பேச்சுத் தமிழில் எழுத அவர் மனம் ஒப்பவில்லை. இலவசமாகச் செய்து கொடுத்ததால் டாக்டராலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

அந்தத் தமிழைப் புரிந்துகொண்ட நோயாளி எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவரும் மயிலாப்பூர். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்த ஒரு மாமி. முதல் கேள்வியை முழுக்கக் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“திளைத்ததுண்டான்னு கேட்டா, திளைத்ததில்லைன்னுதான் பதில் சொல்லணுமா? இல்ல, சாதாரணமாப் பேசலாமா?”

“சாதாரணமாப் பேசுங்க மாமி.”

“அப்போ சொல்றேன். ஆத்துல ரெண்டு மாசமா அழுதுண்டே இருக்கேன். இதை எந்தப் பக்கத்துல எழுதுவேள்?”

பக்கம் நான்கு. எழுதினேன்.

போர்டு மாறிய காலை

ஏழுமலை வந்தது அப்படி அழுகைக்காக அல்ல. அவர் சட்டைப்பையில் நாலாக மடித்த ஒரு கடிதம் இருந்தது. ஒன்பது வருஷமாக அவருக்கு மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரினியா, என்று வைத்தியம் நடக்கிறது. ஒன்பது வருஷமாக டெப்போவில் பஸ் கழுவும் இடத்தில் லைட் டூட்டி. இனிமேல் கண்டக்டர் வேலைக்குத் தகுதி உண்டா, இல்லையா என்று மாதக் கடைசிக்குள் புதிய மருத்துவச் சான்று வேண்டும். தகுதி இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இதுதான் கடிதத்தின் சாரம்.

பதினெட்டாம் பக்கத்தின் முதல் கேள்வி, பிறர் செவிக்கு எட்டாத குரல்களைப் பற்றியது. இது அவருக்கு எப்படியோ புரிந்துவிட்டது.

“கேட்டிருக்கேன் மேடம்.”

“என்ன சொல்லும்?”

“போர்டை மாத்துன்னு சொல்லிச்சு.”

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலை. முதல் ஷிஃப்டுக்குப் போனவர், டெப்போவில் நின்றிருந்த பஸ்களின் போர்டுகளைக் கழற்றி மாற்றி மாட்டிவிட்டார். பதினோரு பஸ். ஜனங்கள் இத்தனை நாளும் தப்பான இடத்துக்கே போய்க்கொண்டிருக்கிறார்கள், நீதான் சரிசெய்ய வேண்டும் என்று குரல் சொல்லியிருக்கிறது. யாரும் கவனிப்பதற்குள் நாலு பஸ் கிளம்பிவிட்டது. தி.நகர் போர்டு மாட்டிய ஒரு வண்டி, அங்கே கல்யாணத்துக்குப் போகிற ஒரு குடும்பத்தோடு பெசன்ட் நகரில் போய் நின்றது.

“அவங்க முகூர்த்தம் தப்பிருச்சா?” என்று கேட்டேன். இந்தக் கேள்வி புத்தகத்தில் இல்லை.

“தெர்ல மேடம். ஒம்போது வருசமா அத்தத்தான் யோசிச்சிக்கினு கீறேன்” என்றார்.

அன்றைக்கே நாலு பேர் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ஓ.பி.யில் குரல் கேட்கிறதா என்று கேட்டார்கள். ஆமாம் என்றார். சீட்டு எழுதி ஊசி போட்டார்கள். பிறகு மாதத்துக்கு இரண்டு ஊசி. மருந்து உடம்பில் தங்கி மெதுவாகக் கரையும் ‘டெப்போ ஊசி’ அது. பஸ் டெப்போக்காரர்களுக்கென்று தனியாகச் செய்த ஊசி என்றே ஏழுமலை நினைத்திருந்தார். டிரைவர்களுக்கும் அதுதானா என்று ஒரு நர்ஸைக் கேட்டிருக்கிறார். அதையும் அறிகுறி என்று சீட்டில் எழுதியிருந்தது.

ஊசியால் கை நடுங்கியது, விரல்கள் விறைத்தன. டிக்கெட் கட்டில் ஒன்றைக் கிழிக்கப் போனால் மூன்று கிழிந்தது. அதனால்தான் பஸ் கழுவும் இடத்துக்கு மாற்றினார்கள்.

மூன்றாம் எண்களாகச் சுழித்துக்கொண்டே போனேன். மனச்சிதைவுப் பக்கம் நிரம்பிக்கொண்டிருந்தது. அப்போதுதான், அதுவரை பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த கஸ்தூரி வாயைத் திறந்தார்.

“மேடம், அதுக்கு முன்னாடி அஞ்சு நாளு இவுரு தூங்கவேயில்ல. அத்த எய்த மாட்டீங்களா?”

விதியை மீறி, பேனாவைக் கீழே வைத்துவிட்டு, என் சொந்தத் தமிழில் கேட்டேன். “தூங்காம டயர்டா இருந்துதா?”

ஏழுமலையின் முகம் மாறியது. “டயர்டா? ஒடம்புல கரண்டு ஓடுறாப்புல இருந்துச்சு மேடம். தூக்கமே வேணாம். சோறு வேணாம். வாய் மூடாம பேசிக்கினே இருப்பேன். அவ்ளோ சந்தோசம். இந்த மெட்ராஸே என் கையில கீதுன்னு ஒரு இது. அந்த மாரி சந்தோசம் வரவே கூடாது மேடம். யாருக்கும் வரக் கூடாது.”

அளவிறந்த உவகை.

பழைய பக்கத்துக்குத் திரும்பினேன். மையால் சுழித்த ஒன்றை அழிக்க முடியாது. மேலே கோடு போட்டு, பக்கத்தில் மூன்று என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக் கணக்கு

இனி எல்லாம் ஒரே விஷயத்தைப் பொறுத்தது. மனசு அளவுக்கு மீறி ஏறும்போதோ, அடியோடு இறங்கும்போதோ மட்டும் குரல் கேட்டால் அது வேறு வியாதி. அதற்கு வேறு மருந்து. மனசு சமமாக இருக்கும்போதும் குரல் கேட்டால் மனச்சிதைவு. ஆகவே எப்போது எப்படி இருந்தார் என்று வரிசையாகத் தெரிய வேண்டும்.

தேதி கேட்டேன். இருவருக்கும் தெரியவில்லை. மாதம் கேட்டேன். தீபாவளிக்கு முந்தி என்றார் ஒருவர், பிந்தி என்றார் இன்னொருவர்.

“தேதி தெரியாது மேடம். வூடு தெரியும்” என்றார் கஸ்தூரி. “ஒவ்வொரு தபா இவுருக்கு வந்ததும் வூட்டுக்காரங்க காலி பண்ணச் சொல்லிருவாங்க. நாலு வூடு மாறிக்கீறோம்.”

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நாலு கட்டம் போட்டேன்.

முதல் வீடு மேற்கு மாம்பலத்தில் ஒண்டுக்குடித்தனம். அங்கேதான் போர்டு விவகாரம். இரண்டாவது கோட்டூரில். அங்கே மூன்று மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ‘எல்லாரையும் தப்பான எடத்துக்கு அனுப்சிட்டியே, நீ இன்னாத்துக்கு உசுரோட கீற’ என்று அப்போது குரல் கேட்டது. பேசாத மனுஷனைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்று வீட்டுக்காரம்மா காலி செய்யச் சொன்னார்.

மூன்றாவது ஊரூர் குப்பத்தில், கடலுக்குப் பக்கத்தில். அங்கே கடைசியில் மறுபடியும் ஏறிவிட்டது. கரையில் இருந்த படகுகளுக்கெல்லாம் மஞ்சள் பெயிண்டில் ரூட் நம்பர் எழுதிவிட்டார். படகுக்காரர்கள் அவரையே உட்கார வைத்துச் சுரண்டச் சொன்னார்கள். சுரண்டி முடித்ததும் காலி செய்யச் சொன்னார்கள். நாலாவது, அடையாற்றங்கரையில் இப்போது இருக்கும் குடிசை.

“குப்பத்துல எத்தனை நாள் இருந்தீங்க?”

“ரெண்டு வருசத்துக்கு மேல.”

“அதுல நல்லா இருந்த நாள்ல குரல் கேட்டுச்சா?”

“இல்ல” என்றார் ஏழுமலை.

“ஊசி போட்டதால கேக்கலையா இருக்கும்.”

கஸ்தூரி புருஷனைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். கஸ்தூரி பையின் வாரை இரண்டு சுற்று முறுக்கினார்.

“திட்டுவீங்களா?”

“திட்ட மாட்டேன்.”

“ஊசி போடல மேடம். ஒன்றர வருசம் போடல. கைப்புள்ளைய இவுரால தூக்க முடியல, கை அப்டி ஒதறுது. போதும்னு நான்தான் நிறுத்திட்டேன். ஊசிக்குன்னு டெப்போல லீவு குடுப்பாங்க. அன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொல்லிட்டு பீச்சுல போய் குந்திக்குவோம். சுண்டல் வாங்கித் துன்னுட்டு, நேரம் பாத்து வூட்டுக்கு வந்துருவோம்.”

“அந்த ஒன்றரை வருஷம் எப்படி இருந்தார்?”

“மனுசனா இருந்தாரு” என்றார் கஸ்தூரி. “பெரிய பொண்ணுக்கு சைக்கிள் கத்துக்குடுத்தாரு. என்னாண்ட சண்ட போட்டாரு. எல்லார் வூட்லயும் இருக்குற மாரி இருந்தாரு.”

குரல்?

“ஒண்ணும் இல்ல மேடம்” என்றார் ஏழுமலை. “அலை சத்தம்தான்.”

மூன்றாவது கட்டத்தில் ஒன்றரை வருஷத்துக்கு ஒரு நீளமான நேர்க்கோடு போட்டேன். மருந்தில்லை, குரலில்லை, மனசு சமம். புத்தகம் கேட்ட பதில் அந்தக் கோட்டில் இருந்தது. ஒன்பது வருஷமாக அதை யாரும் கேட்கவில்லை. சொன்னால் திட்டுவார்கள் என்று இவர்களும் சொல்லவில்லை.

மணி மூன்றாகிவிட்டது. சாப்பிட மறந்துபோயிருந்தேன்.

முதல் சீட்டு

போகும்போது கஸ்தூரி பழைய ஓ.பி. சீட்டுகள் அடங்கிய ஒரு ஜவுளிக்கடைப் பையைக் கொடுத்துவிட்டுப் போனார். வருஷ வாரியாக அடுக்கினேன். அடியில் இருந்த, ஓரமெல்லாம் கிழிந்த முதல் சீட்டில் இரண்டே வரி. குரல் கேட்கிறது, நடத்தை சரியில்லை. கீழே ஆங்கிலத்தில் ஸ்கிசோஃப்ரினியா. முதல் எழுத்து தூண்டில் முள் மாதிரி வளைந்திருந்தது.

அந்த வளைவை நான் தினமும் பார்க்கிறேன். என் சம்பளக் கவரில்கூட இருக்கிறது. டாக்டர் சபேசன் எழுதியது.

எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மூன்று மாதம் பாக்கி. அந்தச் சீட்டை மறுபடியும் கட்டின் அடியிலேயே வைத்தேன். அது சரியில்லை என்று மேலே வைத்தேன். மேலே வைத்தால் குத்திக்காட்டுவது போல இருந்தது. நடுவில் செருகினேன். வீட்டுக்குப் போனேன். தி.நகர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் திரும்பி, பஸ்ஸின் போர்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன்.

மறுநாள் டாக்டர் ஒரு மணி நேரம் என் தாள்களைப் படித்துவிட்டுக் கூப்பிட்டார்.

“முதல் சீட்டு எங்கம்மா?”

“நடுவுல இருக்கு சார்.”

“முதல் சீட்டு ஏன் நடுவுல இருக்கு?”

 அவரே தேடி எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

“இது நான் எழுதினது.”

“ஆமா சார்.”

“உனக்கு எப்பத் தெரியும்?”

“நேத்தே தெரியும் சார்.”

 அவர் சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

“வெள்ளிக்கிழமை அவங்களை வரச் சொல்லு. நானே கேக்குறேன்.”

 அவரே கேட்டு, தான் எழுதியதே சரி என்று முடித்துவிட்டால் ஏழுமலைக்கும் வேலை போகும், எனக்கும் போகும்.

வெள்ளிக்கிழமை

அன்று காலை வேறு யாரையும் பார்ப்பதில்லை என்று சொல்லிவிட்டு சமையலறைக்கு வந்தார். என்னை மூலையில் உட்காரச் சொல்லி, ஒரு புது புத்தகத்தைக் கையில் கொடுத்தார். “நான் கேக்குறேன். நீ தனியா சுழி. என்னோடத எட்டிப் பார்க்காதே.”

முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை இரண்டரை மணி நேரம். ஒரு பக்கத்தையும் தாண்டவில்லை. உவகைக் கேள்விக்கு வந்ததும் வாய்க்குள் ஒரு தடவை படித்துப் பார்த்தார். “இதை எப்படிம்மா கேட்டே?” என்று என்னைக் கேட்டார். சொன்னேன். அப்படியே கேட்டார். ஏழுமலை அதே கரண்டைச் சொன்னார். டாக்டர் பென்சிலை வாங்கி, பேராசிரியரின் வாக்கியத்தை அடித்துவிட்டு அந்தச் சொற்களை எழுதிக்கொண்டார்.

பீச்சு விஷயத்தைக் கஸ்தூரி சொன்னபோது மட்டும் கொஞ்ச நேரம் தலையை நிமிர்த்தவில்லை.

கடைசியில் இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கோட்டூர் வீட்டு மூன்று மாதத்தில் ஓர் இடத்தில் நான் இரண்டு போட்டிருந்தேன். அவர் மூன்று போட்டிருந்தார். மற்றதெல்லாம் ஒன்றுதான்.

“ஏழுமலை, உங்களுக்கு ஸ்கிசோஃப்ரினியா இல்லை” என்றார். “இது மனசு ஏறி இறங்குற வியாதி. ஏறும்போதும் இறங்கும்போதும்தான் குரல். நடுவுல நீங்க நல்லா இருக்கீங்க. இதுக்கு லித்தியம்னு ஒரு மாத்திரை. ரத்தப் பரிசோதனை பண்ணிக்கிட்டே சாப்பிடணும்.”

“கை நடுங்குமா சார்?”

“கொஞ்சம் நடுங்கலாம். டிக்கெட் கிழிக்கிற அளவுக்குக் கை நிக்கும்.”

ஏழுமலை தன் இரண்டு கைகளையும் நீட்டிப் பார்த்துக்கொண்டார். கஸ்தூரி கைகளைப் பார்க்கவில்லை, டாக்டரைப் பார்த்தார்.

“அப்போ மொதல்ல அந்த வியாதின்னு எய்தினது யாரு சார்?”

டாக்டர் எழுந்து நின்றார். ஏன் எழுந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

“நான்தாம்மா. ஆஸ்பத்திரியில அன்னைக்கு நான்தான் ட்யூட்டி. சரியாக் கேக்கல. தப்பா எழுதிட்டேன்.”

 ஏழுமலைதான் முதலில் பேசினார்.

“அன்னிக்கு ஓ.பி.ல எத்தினி பேரு சார்?”

“நூத்தம்பது இருக்கும்.”

“ஒத்த ஆளா பாத்தியா?”

“ஆமா.”

ஏழுமலை தலையை ஆட்டினார். “நூத்தம்பது பேருக்கு ஒத்த கண்டக்டரு. ஸ்டாப்பு வர்றதுக்குள்ள முடிக்க முடியாது சார். யாராச்சும் தப்பிடுவாங்க. பரவால்ல வுடு சார்.”

“உனுக்குப் பரவால்லன்னா நீ சொல்லு” என்றார் கஸ்தூரி. குரலை உயர்த்தவில்லை. “நாலு வூடு சட்டிப்பானைய தூக்கினவ நானு. இவுருக்குப் பைத்தியம்னு எங்கம்மா வூட்ல என் தங்கச்சி கல்யாணத்துக்குக் கூப்புடல. எனுக்கும் சேத்து நீ சொல்லாத.”

பையை எடுத்துக்கொண்டு வெளியே போய் ஹாலில் உட்கார்ந்தார். மாத்திரைச் சீட்டை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அப்புறம்

கண்டக்டர் வேலைக்குத் தகுதி உண்டு என்று சான்று எழுதி அனுப்பினோம். பழைய முடிவு தவறு, தவறு என்னுடையது என்று டாக்டர் அதில் ஒரு வரி சேர்த்திருந்தார். டைப் அடித்தபோது, இந்த வரி வேண்டுமா சார் என்று கேட்டேன். ஸ்பெல்லிங் சரியா என்று மட்டும் பார் என்றார். என் வேலை போகவில்லை. மூன்று மாதம் கழித்து நிரந்தரமானது.

பஸ் அலுவலகம் அவசரப்படவில்லை. ஏழெட்டு மாதம் கழித்து ஏழுமலையின் தோளில் மறுபடியும் கண்டக்டர் பையை மாட்டினார்கள். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் ஒருமுறை மனசு லேசாக ஏறப் பார்த்தது. விடிவதற்குள் எழுந்து தெருக் குழாயில் அக்கம்பக்கத்தார் குடங்களையெல்லாம் நிரப்பி வைத்திருக்கிறார். எல்லோரும் வாழ்த்தினார்கள். கஸ்தூரி மட்டும் அன்றைக்கே அவரை இழுத்துக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார். மாத்திரையைக் கூட்டிக் கொடுத்து பத்து நாள் லீவு போடச் சொன்னோம். அதோடு சரியாகிவிட்டது. வீடு மாறவில்லை.

கஸ்தூரி மாதாமாதம் ரத்த ரிப்போர்ட்டோடு வருவார். என்னிடம் பேசுவார், ஏழுமலையிடம் பேசுவார். டாக்டரிடம் ஒரு வார்த்தை பேச மாட்டார். டாக்டர் கேட்பதற்கெல்லாம் என்னைப் பார்த்துப் பதில் சொல்வார். கஸ்தூரி அறைக்குள் வந்தால் டாக்டர் எழுந்து நிற்பார். போகும்வரை நின்றுகொண்டே மருந்து எழுதுவார். வேறு எந்த நோயாளிக்கும், மந்திரியின் மச்சினர் ஒருவருக்கும்கூட, அவர் எழுந்ததில்லை. இதைப் பற்றி எங்களில் யாரும் பேசிக்கொண்டதில்லை.

மூன்று வருஷமாவது இப்படிப் போயிருக்கும். ஒரு மழை நாளில் நனைந்த குடையோடு கஸ்தூரி உள்ளே வந்தார். டாக்டர் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அந்த வருஷம் அவருக்கு முட்டி வலி.

“உக்காரு சார்” என்றார் கஸ்தூரி.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கேஸ் ஷீட்டைப் பார்த்தேன்.

“முட்டி வலிக்கும், அதான் சொன்னேன். வேற ஒண்ணும் இல்ல” என்றார் கஸ்தூரி, அவர் முகத்தை நேராகப் பார்த்து.

“சரிம்மா” என்றார் டாக்டர். உட்கார்ந்து, ரிப்போர்ட்டுக்காகக் கையை நீட்டினார்.